சாமி இல்லாத சத்தியம்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடவுள் நம்பிக்கை இல்லாமல் ஒழுக்கம் இருக்க முடியுமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதையே பட்டிமன்றமாகப் போட்டிருந்தால் இரண்டு அணியும் ஒரு மணி நேரத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கோயில் கோயிலாகப் போகிற ஊழல்காரர்களின் பட்டியலை ஓர் அணி வாசிக்கும். கோயில்களை இடித்த கொடுங்கோலர்களின் பட்டியலை எதிரணி வாசிக்கும். இரண்டு பட்டியலும் உண்மைதான். இரண்டாலும் கேள்வி இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதனால் நான் இதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். ஒழுக்கம் என்ற பெரிய சொல்லுக்குள்ளே இருக்கிற ஒரே ஒரு செயலை மட்டும் கையில் எடுக்கிறேன். வாக்குக் கொடுப்பது. சாமிக்குப் பயப்படாத ஒருவன் வந்து நின்று, “நான் சொல்வது உண்மை, சொன்னபடி செய்வேன்” என்றால் அவனை நம்பலாமா?

நம்பவே கூடாது என்று தீர்ப்பு எழுதியவர் சாதாரண ஆள் இல்லை, ஜான் லாக். சகிப்புத்தன்மை பற்றி அவர் எழுதிய கடிதம் 1689இல் வெளிவந்தது. மதத்தின் பெயரால் அரசு யாரையும் துன்புறுத்தக் கூடாது என்று வாதாடுகிற நூல் அது. அந்த நூலிலேயே, கடவுளை மறுக்கிறவனுக்கு மட்டும் இந்தச் சகிப்பு கிடையாது என்று கதவைச் சாத்திவிடுகிறார். மனிதர்கள் சேர்ந்து வாழ்வது வாக்குறுதியாலும் ஒப்பந்தத்தாலும் சத்தியத்தாலும்தான். கடவுளே இல்லை என்பவனை இவை எப்படிக் கட்டும் என்பது அவர் கேள்வி. இதை மூட நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. நாத்திகன் திருடுவான், குடிப்பான் என்றெல்லாம் லாக் சொல்லவில்லை. அவனுடைய வாக்குக்கு ஜாமீன் யார் என்றுதான் கேட்கிறார்.

நம் கிராமங்களுக்கு லாக்கைத் தெரியாது. அவர் கேட்ட கேள்வி நன்றாகத் தெரியும். நகை காணாமல் போய்விட்டது, கொடுத்த கடனை வாங்கவே இல்லை என்கிறான், வரப்பு நகர்ந்திருக்கிறது: பத்திரமும் இல்லை, பார்த்த ஆளும் இல்லை. அப்போது ஊர் என்ன சொல்லும்? கோயில் வாசலுக்கு வா, கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணு. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று வட மாவட்டங்களில் இன்றும் பேச்சு உண்டு. காசு வெட்டிப் போடுகிற வழக்கமும் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களின் நீதிமன்றம் இதுதான். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். உண்மையான ஆள்தான் தயங்குவான். தன் பக்கம் நியாயம் இருந்தாலும், எதற்கு வம்பு, பிள்ளைகுட்டி இருக்கிறது, போனது போகட்டும் என்று பின்வாங்குவான். எதற்கும் துணிந்தவன் பளிச்சென்று அடித்து அணைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவான். ஆக, பயப்படுகிறவனை மட்டுமே கட்டுகிற கயிறு அது. கட்ட வேண்டியவனோ பயப்படாதவன்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்களும் இந்தச் சிக்கலில் இருநூறு ஆண்டுகள் மாட்டிக்கொண்டு விழித்தன. அந்தக் கதையில் நமக்கும் பங்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1744இல் ஒரு வழக்கு. ஓமிசந்த் என்ற கல்கத்தா வணிகருக்கும் பார்க்கர் என்ற ஆங்கிலேயருக்கும் நடந்தது. ஓமிசந்தின் சாட்சிகள் இந்துக்கள். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய முடியாது. கல்கத்தாவில் அவர்கள் ஒரு பிராமணரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருந்தார்கள். அது செல்லுமா? செல்லும் என்றார் சான்சலராக இருந்த ஹார்ட்விக் பிரபு. உலகைப் படைத்த ஒரு கடவுளை அவர்கள் நம்புகிறார்கள், பொய் சொன்னால் அவர் தண்டிப்பார் என்று அஞ்சுகிறார்கள், அது போதும் என்பது தீர்ப்பின் சாரம். அந்தக் காலத்துக்கு இது பெருந்தன்மையான தீர்ப்பு. ஆனால் அது சட்டத்தின் மனதில் இருந்ததை வெளியே கொண்டுவந்துவிட்டது. எந்தச் சாமி என்பதில் சட்டத்துக்கு அக்கறை இல்லை. அடிக்கிற சாமியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கூண்டில் வந்தவாசிப் பக்கத்துச் சமணர் ஒருவர் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டா என்று கேட்டால் இல்லை என்பார். பொய் சொன்னால் யார் தண்டிப்பார் என்றால், செய்த வினைதான் என்பார். பொழுது சாய்ந்தபின் சாப்பிட்டால் சிற்றுயிர் சாகும் என்று இரவு உணவையே விட்டவர்கள் அவர்கள். படைத்தவர் இல்லை என்பதில் பௌத்தர்களும் அப்படித்தான். வேள்வியைக் கைவிடாத மீமாம்சகர்கள்கூடப் படைப்புக் கடவுள் ஒருவர் தேவை என்று நினைக்கவில்லை. கடவுள் இல்லையேல் அறம் இல்லை என்ற சமன்பாடு நம் மண்ணில் ஒருபோதும் எல்லோருக்கும் பொதுவான உண்மையாக இருந்ததில்லை. சமணரும் பௌத்தரும் மறுபிறவியை வைத்திருந்தார்களே, அதுவும் ஒருவகைப் பயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

1857இல் லண்டன் நீதிமன்றம் ஒன்றில் க்ளைகன் என்ற வெளிநாட்டுக்காரர் தன் பொருளைத் திருடிவிட்டார்கள் என்று முறையிட்டார். கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் உம் சாட்சியம் செல்லாது, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். திருட்டு நடந்ததா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் இந்தச் சம்பவத்தை எடுத்துவைத்துக்கொண்டு சட்டத்தை உரித்துவிடுகிறார். நாத்திகன் பொய்யன் என்பதுதானே சட்டத்தின் கணக்கு? பொய்யனாக இருக்கிற நாத்திகன் என்ன செய்வான்? நம்புகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறுவான். அவனைச் சட்டம் வரவேற்கிறது. ஊர் காறித் துப்பினாலும் பரவாயில்லை, பொய் சொல்ல மாட்டேன் என்று நிற்கிறவனைத்தான் பொய்யன் என்று விரட்டுகிறது. கோயில் வாசலில் கற்பூரத்தோடு நாம் பார்த்த அதே காட்சிதான் இது, விக் வைத்த நீதிபதிகளோடு.

இந்தக் கேலிக்கூத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு சார்லஸ் பிராட்லா என்ற மனிதருடையது. வக்கீல் அலுவலக குமாஸ்தாவின் மகன். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வேதப் புத்தகத்தில் எழுந்த சந்தேகங்களைப் பாதிரியாரிடம் கேட்கப் போய், அதன் விளைவாக வீட்டையே விட்டு வெளியேற வேண்டி வந்தது. பட்டாளத்தில் இருந்தார், குமாஸ்தா வேலை பார்த்தார், மேடைப் பேச்சாளரானார். தனக்கு வரவேண்டிய பணத்துக்காக அவர் போட்ட வழக்கில் அவருடைய சாட்சியத்தையே ஏற்க மறுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1869இல் நம்பிக்கையற்றவர்களும் நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத் திருத்தம் வந்தது.

1880இல் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்காமல் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். கிடையாது என்றது சபை. சரி, சட்டம் சொல்கிற பிரமாணத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நீர்தான் நாத்திகராயிற்றே, உம் வாயில் அந்த வார்த்தைக்கு அர்த்தமில்லை, அதுவும் கிடையாது என்றது சபை. நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்துவைத்தார்கள். 1881இல் ஆட்களை ஏவிச் சபை வளாகத்திலிருந்து இழுத்து வெளியே போட்டார்கள், கோட்டு கிழிய. இடத்தைக் காலி என்று அறிவிப்பார்கள். நார்தாம்ப்டன் செருப்புத் தொழிலாளர்கள் திரும்பவும் அவரையே தேர்ந்தெடுப்பார்கள். 1881, 1882, 1884 என்று மூன்று இடைத்தேர்தல்கள்.

இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் பிராட்லா இல்லை, பிரதமர் கிளாட்ஸ்டன். பிராட்லாவின் கருத்துகளை வெறுத்த ஆழ்ந்த கிறித்தவர். 1883இல் உறுதிமொழி மசோதாவுக்காக எழுந்து பேசினார். ஏதோ ஒரு கடவுளை நம்புகிறேன் என்று ஒருவன் முணுமுணுத்தால் போதும் என்று வைத்திருக்கிறீர்களே, இதனால் மதத்துக்கு என்ன மரியாதை என்ற திசையில் போனது அவர் பேச்சு. மசோதா மூன்று வாக்குகளில் தோற்றது. கடவுளை நம்புகிற ஒருவர், நம்பாத ஒருவரின் நேர்மைக்காக அரசியல் இழப்பைத் தாங்குகிறார். பட்டிமன்றப் பட்டியல்களில் இந்த மாதிரி ஆட்களுக்கு இடமே இருப்பதில்லை.

1886இல் புதிய சபாநாயகர் குறுக்கே நிற்க மறுத்துவிட்டதால் பிராட்லா உள்ளே நுழைந்தார். 1888இல் அவர் கொண்டுவந்த சட்டத்தால் எல்லோருக்கும் உறுதிமொழி உரிமை கிடைத்தது. 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். இந்தியாவுக்கான உறுப்பினர் என்றே அவரை அழைத்தார்கள். 1891 ஜனவரி இறுதியில் அவர் நினைவிழந்து கிடந்தபோது, அவரைத் தடுத்த தன் பழைய தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடுவதாக நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அவருக்கு அது தெரியாது. ஜனவரி 30 அன்று இறந்தார்.

அவரோடு தோளுக்குத் தோள் நின்றவர் அன்னி பெசன்ட். ஆம், நம் அடையாறு அன்னி பெசன்ட்தான். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை 1877இல் இருவரும் துணிந்து வெளியிட்டு வழக்கில் மாட்டினார்கள். அந்த வெளியீட்டையும் அவருடைய நாத்திகத்தையும் காரணமாகக் காட்டி, அடுத்த ஆண்டு அவருடைய மகளை அவரிடமிருந்து நீதிமன்றம் பிரித்தது. குழந்தையை அவர் பட்டினி போட்டதாகவோ அடித்ததாகவோ புகார் இல்லை. கடவுளை நம்பாத தாய் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவள், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவர் பிரம்மஞான சபைக்குப் போய் வேறொரு நம்பிக்கைக்குள் நுழைந்துவிட்டார். அதனால் நாத்திகர்கள் அவரை மறந்தார்கள், ஆத்திகர்கள் அவருடைய முன்கதையை மறைத்தார்கள். இரண்டு காலத்திலும் அவர் ஏழைகளுக்காகவும் பெண்களுக்காகவும்தான் அலைந்தார் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிராட்லாவின் இறுதிச் சடங்குக்குப் போன கூட்டத்தில் இந்திய மாணவர் ஒருவர் இருந்தார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில் நடந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கிக்கொண்டிருந்தார்: பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்று ஒப்புக்கொள்கிறீர், உம் கடவுளின் அளவு என்ன, எங்கே இருக்கிறார்? பாதிரியார் தாழ்ந்த குரலில் பணிவாகப் பதில் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு நாத்திகத்தின் மேல் தனக்கிருந்த வெறுப்பு கூடியது என்கிறார் காந்தி. நம் ஊர் மேடைகளில் அந்த ரயில் நிலைய நாத்திகரின் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர். வாதத்தில் ஜெயிப்பார்கள், எதிரே நிற்கிற மனிதனைத் தோற்பார்கள்.

அந்தக் காந்தி 1931 டிசம்பரில் லொசான் நகரில் பேசும்போது, கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்த தான் இப்போது சத்தியமே கடவுள் என்று சொல்வதாக விளக்கினார். சத்தியத்தின்மேல் நாத்திகர்களுக்குள்ள வேட்கையைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்ன அதே பேச்சில் பிராட்லாவின் பெயரும் வருகிறது. பிராட்லா தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டாலும், அவர் மறுப்பார் என்று தெரிந்தே, தான் அவரைக் கடவுளுக்கு அஞ்சியவர் என்றே அழைப்பதாகச் சொல்கிறார்.

இது அன்பான பேச்சு. எனக்கு மட்டும் இதில் ஒரு சின்ன உறுத்தல். நீ நல்லவன், ஆகவே உனக்கே தெரியாமல் நீ எங்கள் ஆள் என்பது பாராட்டுப் போலிருக்கும். உள்ளே பழைய சமன்பாடு அப்படியே பத்திரமாக இருக்கிறது. நல்லவன் கிடைத்தால் ஆத்திகக் கணக்கில் வரவு வைத்துவிட்டால், நல்ல நாத்திகன் ஒருவனை உலகத்தில் எவனாலும் காட்டவே முடியாதே. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கோயிலுக்குப் போகாத, ஊருக்கெல்லாம் ஓடி ஓடி உதவுகிற சித்தப்பாவைப் பற்றி, “அவர் மனசுக்குள்ள சாமி இருக்கு” என்று பாட்டி சொல்வாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

காந்தியிடம் இதை நேருக்கு நேர் பேசிப் பார்த்த ஒருவர் இருந்தார். கோரா என்று அறியப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ். 1902இல் பிறந்த தெலுங்குக்காரர். தாவரவியல் ஆசிரியர். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கொழும்பிலும் பாடம் நடத்தியவர். காக்கிநாடாவில் நாத்திகத்தால் 1933இல் வேலை போயிற்று. 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார்; பிறகு அது விஜயவாடாவுக்கு மாறியது. அவரும் மனைவி சரஸ்வதியும் அங்கே செய்தது பெரும்பாலும் ஒரே வேலை: தீண்டாமையை உடைப்பது, எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது. உப்புச் சத்தியாகிரக ஆண்டில் பிறந்த மகனுக்கு லவணம் என்று பெயர் வைத்த குடும்பம்.

1944இன் இறுதியில் சேவாகிராமத்தில் காந்தியைச் சந்தித்தார் கோரா. நாத்திகம் எதற்கு என்பதற்கு அவர் தத்துவம் பேசவில்லை. முந்தைய ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் கல்கத்தா நடைபாதைகளில் கண்டதைச் சொன்னார். இனிப்பும் பழமும் அடுக்கிவைத்த கடைகளுக்குப் பக்கத்திலேயே மனிதர்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். கை நீட்டி எடுக்கவில்லை. விதி என்று கிடந்தார்கள். கடவுள் கொடுத்தது இவ்வளவுதான் என்ற எண்ணம் சாகிறவனையும் முடக்கியது, பார்த்துக்கொண்டிருந்தவனையும் முடக்கியது என்பது கோராவின் வாதம். காந்தி அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தன் ஆத்திகம்தான் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தன்னால் சொல்ல முடியாது என்ற இடத்துக்கு வந்தார்.

கோரா சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. பல நாள் பசி கிடந்த உடம்புக்குக் கை ஓங்கத் தெம்பு ஏது? கடைக்காரனுக்குப் பின்னால் போலீஸ் இருந்தது, சாமி மட்டும் இல்லை. ஆனாலும் அவர் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டதைக் கவனியுங்கள். நம்பிக்கை இல்லாமல் ஒழுக்கம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். திருடாதே என்று தடுக்கிற அதே நம்பிக்கை, சாகிறவனைச் சாகவிடாதே என்று ஏன் உந்தவில்லை என்று அவர் கேட்கிறார்.

நமக்கு இது புதிய குரலும் இல்லை. திருக்குறளில் இரவச்சம் என்ற அதிகாரம் இருக்கிறது. பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்று விதித்திருந்தால், உலகைப் படைத்தவனும் அப்படியே அலைந்து கெடட்டும் என்று அங்கே சபிக்கிறார் வள்ளுவர். கடவுள் வாழ்த்தில் நூலைத் தொடங்கியவர்தான் இவர். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப்பறையும் பக்கத்து வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகை அமைத்தவனைப் பண்பில்லாதவன் என்று ஏசிவிடுகிறார். இவர்கள் கடவுளை மறுக்கவில்லை. ஆனால் கடவுளையே நிறுத்தி எடைபோட ஒரு தராசு கையில் வைத்திருந்தார்கள். அந்தத் தராசை அவர்களுக்குக் கொடுத்தது யார்? படைத்தவனே கொடுத்திருந்தால், அதில் அவனை ஏற்றிப் பார்க்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஏசுகிறவனுக்கு அறம் முதலில் தெரிந்திருக்கிறது. கடவுள் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று அவன் எதிர்பார்க்கிறான்.

சரி, பயம் இல்லை, பரிசும் இல்லை என்றால் ஒருவன் எதற்காக நல்லது செய்வான்? மறுபிறவிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன் என்றேனே, இதோ. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரன் என்ற குறுநில மன்னனைப் பாடும்போது, இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கிற வியாபாரி இல்லை இவன் என்கிறார். பிறகு எதற்காகக் கொடுக்கிறான்? சான்றோர் நடந்த வழி இது என்பதற்காக. அதாவது தனக்கு முன்னால் நல்ல மனிதர்கள் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியும், அவர்கள் கூட்டத்தில் தானும் ஒருவனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். லாக் கேட்ட ஜாமீனுக்கு ஏறத்தாழ பதினைந்து நூற்றாண்டுக்கு முன்பே ஓர் ஊனமுற்ற புலவர் பதில் சொல்லிவைத்திருப்பதாக எனக்குத் தோன்றும். பிள்ளைகள் நல்லவர்களாவதும் பெரும்பாலும் இப்படித்தான். நரகத்தின் படத்தைப் பார்த்துத் திருந்திய பிள்ளையை நான் கண்டதில்லை. அம்மா அடுத்த வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்புவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் நாத்திக நண்பர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். கரமசோவ் சகோதரர்கள் நாவல் நூலாக வந்ததும் பிராட்லா தேர்வானதும் ஒரே ஆண்டு, 1880. கடவுள் இல்லாவிட்டால் எல்லாம் அனுமதிக்கப்பட்டதாகிவிடுமே என்று அந்த நாவலில் தஸ்தயேவ்ஸ்கி நடுங்கினார். அடுத்த நூற்றாண்டு அந்த நடுக்கத்துக்குச் சான்று தந்தது. 1967இல் அல்பேனியா தன்னை நாத்திக நாடாக அறிவித்து மசூதிகளையும் தேவாலயங்களையும் மூடியது. மக்களுக்குக் கிடைத்தது விடுதலை அல்ல, உளவுப் போலீஸ். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. அங்கெல்லாம் கடவுள் காலி செய்த நாற்காலியில் கட்சி ஏறி உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலை வந்தவுடன், நாற்காலியில் இருப்பது யார் என்பதெல்லாம் பொருட்டே இல்லாமல் போகிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மேடையில் பிள்ளையாரைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் சொந்தச் சாதித் தரகரைக் கூப்பிட்டனுப்புகிற பகுத்தறிவாளர்களை நமக்குத் தெரியும். பக்தி ஒருவனோடு முடிந்துபோகிற விஷயம், ஒழுக்கம் எல்லோருக்கும் பொதுவானது என்று பெரியார் திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதிகம். மறுபக்கம், வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் கடவுளில் கரைந்தவர். சாப்பிட வருகிறவனிடம் உன் கடவுள் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்த அடுப்புக்கு இணையான ஒன்றை நாத்திகர்களான நாம் இத்தனை காலம் அணையாமல் எரியவிட்டிருக்கிறோமா? நாம் என்று சொல்லிவிட்டேன். என் அணி எது என்பது உங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

மீண்டும் வாக்குக்கு வருகிறேன். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டுச் சட்டமே, கங்கை நீரையும் குரானையும் தொட்டுச் சத்தியம் செய்ய இந்துக்களையும் முஸ்லிம்களையும் கட்டாயப்படுத்துவதை நிறுத்தி, உறுதிமொழி போதும் என்றது. சினிமாவில் மட்டும் கீதையின் மேல் கை வைப்பது இன்னும் நிற்கவில்லை. 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தம் அரசியல் நிர்ணய சபையில் 41க்கு 68 என்று தோற்றது. அங்கே எதிர்த்து வாக்களித்தவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் அல்லர். பட்டம் தாணுப் பிள்ளை போன்ற நம்பிக்கையாளர்களும், இது வற்புறுத்தலாகிவிடும் என்று எதிர்த்தார்கள். பதவிப் பிரமாணத்தில் இரண்டு வழியும் வைத்தார்கள். கடவுள் பெயரால் என்றும் சொல்லலாம், உளமார என்றும் சொல்லலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றச் சாட்சிக்கும் அதே தெரிவு உண்டு. எதைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னாலும் தண்டனை ஒன்றுதான், ஏழாண்டு வரை சிறை.

வாக்குகளில் மிகப் பெரிய வாக்கு திருமணம். 1928 மே மாதம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். அக்கினி இல்லை, மந்திரம் இல்லை, புரோகிதர் இல்லை. உற்றார் உறவினர் முன்னால் இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். லாக் அங்கே இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். சென்னை உயர் நீதிமன்றமும் 1953இல், இப்படி நடந்த மணம் சட்டப்படி செல்லாது என்றே தீர்ப்பளித்தது. நினைத்துப் பாருங்கள்: கால் நூற்றாண்டாக அந்த வாக்கை நம்பிக் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்று வளர்த்தவர்களை ஒரே வரியில் மணமாகாதவர்கள் ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மக்கள் அப்படி மணம் செய்துகொள்வதை நிறுத்தவில்லை. சட்டம் கைவிட்டது, சாமியை அவர்களே கூப்பிடவில்லை, மிச்சமிருந்தது சொன்ன சொல் மட்டும். 1967இல் அண்ணாவின் அரசு திருத்தம் கொண்டுவந்து அவற்றை, முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, செல்லுபடியாக்கியது.

இந்த ஆண்டுகளுக்கு நடுவேதான் கோராவின் மகள் மனோரமாவுக்கும் அர்ஜுன ராவ் என்ற தலித் இளைஞருக்கும் திருமணம். சேவாகிராமத்தில் தானே நடத்திவைக்கிறேன் என்று காந்தி ஒப்புக்கொண்டிருந்தார். கடவுளின் பெயருக்குப் பதில் சத்தியத்தின் பெயரால் உறுதி சொல்லட்டும் என்பதற்கும் இசைந்தார். 1948 மார்ச்சில் அந்த மணம் நடந்தபோது காந்தி இல்லை. உறுதி மட்டும் பேசியபடி சொல்லப்பட்டது. அவரை இத்தனை நேரம் சீண்டிக்கொண்டிருந்த நான், இந்த ஓர் இடத்தில் கை கூப்பிவிடுகிறேன்.

சுயமரியாதை மணம் செய்தவர்கள் எல்லோரும் வாக்கைக் காப்பாற்றினார்களா? இல்லை. உடைந்தவை உண்டு. எந்தக் குடும்ப நீதிமன்றத்துக்கும் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஏழு அடி எடுத்து வைத்தவர்களும், திருப்பலியில் மோதிரம் மாற்றியவர்களும், மேடையில் மாலை மாற்றி உறுதிமொழி வாசித்தவர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் வாக்குக்கு யார் சாட்சி நின்றார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள். கட்டியங்காரர் வழக்கு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.